பொது அறிவு போதுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பொருள்களோடு வரும் பயனர் கையேட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லலாமா என்பது பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் ஒரு கட்டுரை வந்திருந்தது. "சுடுநீர் சுடும் என்று எழுதிக் கொடுக்க ஒரு சட்டமா? பயனீட்டாளருக்குப் பொது அறிவு போதும்" என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். அழகாகத்தான் எழுதுகிறார். அவர் வீட்டில் மின்சாரம் பிரிந்து போகும் டிபி பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வருமா என்பதுதான் என் சந்தேகம்.

நான் பட்டர்வொர்த்தில் வயர்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பட்டர்வொர்த், பிறைப் பக்கத்து அடுக்குமாடிகளில் நான் ஏறாத படி குறைவு. குளியலறை வாட்டர் ஹீட்டரில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் 'டக்'கென்று மின்சாரம் துண்டித்தால் நல்லது. துண்டிக்காவிட்டால் சுவிட்சை அடைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும், அதுவரை பச்சைத் தண்ணீர்தான். ஈரமான இடத்தில் 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளே சொல்கின்றன. சாதனத்தைப் பொருத்தச் சட்டம் இருக்கிறது. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வழியோ கையேட்டின் கடைசிப் பக்கத்தில், உத்தரவாத நிபந்தனைகளுக்கு நடுவே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் கிடக்கிறது. நான் போன வீடுகளில் அந்தப் பொத்தானைத் தொட்டவர்களே அபூர்வம். வாடகைக்கு இருப்பவரைக் கேட்டால் கையேடு வீட்டுக்காரரிடம் என்பார். வீட்டுக்காரர், அது பெட்டியோடு குப்பைக்குப் போய்விட்டது என்பார். மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும் என்பது எந்தப் பொது அறிவில் சேர்த்தி? ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்விலா கேட்டார்கள்?

என் அண்ணி கதையையும் கேளுங்கள். மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த பிரஷர் குக்கரில் சாம்பாருக்குப் பருப்பு போட்டார். உள்ளே போட்டிருந்த கோடு வரைக்கும்தான் நிரப்பினார், அதற்கு மேல் ஒரு கரண்டி கூட இல்லை. அந்தக் கோடு மூன்றில் இரண்டு பங்குக்கு. பருப்பு, பட்டாணி மாதிரி நுரைத்துப் பொங்குவதைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது, நுரை ஏறி ஆவி போகும் துவாரத்தை அடைத்துவிடும். இந்த விஷயம் சமையல் நேர அட்டவணைக்குக் கீழே நட்சத்திரக் குறி போட்டு ஒரு வரியாக இருந்தது. முதல் மூன்று பக்கமும் 'நிறுவனம் பொறுப்பல்ல' புராணம். அண்ணியின் வலது முன்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. கடைக்காரரிடம் போனோம். "ஆன்ட்டி, புக் படிக்கலையா?" என்று கேட்டான் அங்கே நின்ற பையன்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று கட்டுரையாளர் சொல்வார். 5 ரிங்கிட் கட்டினால் 50,000 ரிங்கிட் வரை வழக்காடலாம்தான். ஆனால் உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அங்கே இழப்பீடு கேட்க முடியாது. குக்கர் விலையைக் கேட்கலாம், கைக்கு வேறு நீதிமன்றம் தேட வேண்டும்.

அரசாங்கம் இதில் 'மூக்கை நுழைப்பதாக' வேறு எழுதியிருக்கிறார். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 19ஆம் பிரிவைத் தாங்கள் அறியாதவர் அல்ல. பொருளோடு வரும் எச்சரிக்கை, செய்முறைக் குறிப்புகளின் வடிவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் தரம் விதிக்கும் அதிகாரத்தை அது எப்போதோ அமைச்சருக்குக் கொடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல் நடப்பில் இருக்கும் பொதுப் பொருள் பாதுகாப்பு விதியும், பயனீட்டாளருக்கு எளிதில் புரியும் மொழியில் தெளிவான குறிப்பு தர வேண்டும் என்கிறது. குறிப்பே இல்லாமல் பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு அங்கே விலக்கும் உண்டு. ஆகவே கரண்டிக்கும் கையேடு கேட்பார்கள் என்று கட்டுரையாளர் கவலைப்பட வேண்டாம். கேஸ், கரண்டு, ஆவி ஆகிய இந்த மூன்றுக்கு மட்டும்தான் நான் கேட்கிறேன். உயிருக்கு ஆபத்தானவை முதல் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், தாளில் வரட்டும். தமிழில் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை ஐயா, ஒழுங்கான மலாயில் இருந்தாலே கும்பிடு போடுவேன்.

இப்போது தாளும் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டிக்குள் ஒரு கியூஆர் கட்டம் மட்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எழுபது வயதுப் பாட்டி, ஈரக்கையோடு கைப்பேசியைத் தூக்கி அதைப் படம் பிடிக்க வேண்டுமாம். மருந்துக்கடைத் துண்டுச்சீட்டும் இதே கதை, காப்புறுதிப் பத்திரமும் இதே கதை. தங்கள் பத்திரிகையின் தீபாவளி விளம்பரங்களில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற வரியைப் படிக்க நான் பேரனின் பூதக்கண்ணாடியைக் கடன் வாங்குகிறேன். இதைப் பற்றி முன்பு எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, விளம்பரம் பற்றிய பகுதியை மட்டும் காணாமல் ஆக்கினீர்கள். இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும். நான் தவறாக நினைக்கவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கப் போவதில்லை. வரும் ஞாயிறு மலரில் கட்டுரையாளரின் புகைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, மிஞ்சும் இடத்தில் அந்த 'டெஸ்ட்' பொத்தானைப் பற்றி நாலு வரி பெட்டிச் செய்தி போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். படம் வேண்டுமானால் நானே வரைந்து அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
பட்டர்வொர்த், பினாங்கு.