பிளஸ் டூ அறிவியல் பிரிவுப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன கூட்டத்தில் ஒரு அப்பா என்னிடம் கேட்டார்: "நல்லா படிக்கிற பொண்ணு சார், வாத்தியார் வேலைக்கா அனுப்பச் சொல்றீங்க?" வாத்தியாரிடமே கேட்டதால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் அறிவியல் ஆசிரியராவதற்கான அறிவியல் கல்விப் படிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

அறிவியல் கல்வி என்பது அறிவியலைப் படித்துவிட்டுக் கடைசியில் பி.எட். ஒட்டிக்கொள்வது அல்ல. மரம் தன் எடையை எங்கிருந்து பெறுகிறது என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் "மண்ணிலிருந்து" என்றார்கள். பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதிய பிள்ளைகளும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். இந்தக் குழப்பம் ஏன் வருகிறது, எந்தச் சோதனையைக் காட்டினால் தெளியும் என்பதே இந்தப் படிப்பு. அதற்குப் பாடத்தில் நல்ல பிடிப்பு வேண்டும், சுமாராகப் படிக்கிறவர்களுக்கென்று ஒதுக்கிவைத்த துறை அல்ல.

வழிகள் இரண்டு. பி.எஸ்சி. மூன்று ஆண்டு, பி.எட். இரண்டு ஆண்டு, ஆக ஐந்து. அல்லது பிளஸ் டூ முடித்ததும் நான்கே ஆண்டில் ஒருங்கிணைந்த பி.எஸ்சி., பி.எட். மைசூருவில் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் மண்டலக் கல்வி நிறுவனம் நம் தென்மாநிலங்களுக்கானது. வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளி இருக்கிறது, மாணவர்கள் அங்கே பாடம் எடுத்துப் பழகுகிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யிலும் இந்தப் படிப்பு உண்டு. இவற்றுக்கு என்.சி.இ.டி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம்.

இங்கேதான் நம் பிள்ளைகள் கோட்டைவிடுகிறார்கள். 2025-இல் இதற்கான விண்ணப்பம் மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ரிசல்ட் வந்த பிறகு என்னிடம் வந்து கேட்டவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. முன்கூட்டியே சொல்லாதது என் தவறும்தான்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், பொதுப்பிரிவினருக்கு 150க்கு 90. அதோடு வேலை கிடைத்துவிடாது, நியமனத் தேர்வு தனி. சில வருடம் காத்திருக்கவும் நேரலாம். மேல்நிலை வகுப்பு எடுக்க எம்.எஸ்சி. வேண்டும். கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்குத் தேர்வு வேறு. தனியார் பள்ளிகளில் சம்பளம் இடத்துக்கு இடம் மாறும், பல இடங்களில் குறைவுதான்.

வகுப்பறைக்கு வெளியேயும் வேலை உண்டு. நம் ஊர் நடுநிலைப் பள்ளிக்குச் சோதனைப் பொருட்களோடு ஒருவர் வருகிறாரே, அது 2022-இல் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம் என்ற திட்டம். பாடநூல் எழுதுவது, சென்னை கோட்டூர்புரம் கோளரங்கம் போன்ற அறிவியல் மையங்கள், அப்புறம் ஆராய்ச்சி. மும்பையில் 1974 முதல் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில், பிள்ளைகள் அறிவியலை எப்படிக் கற்கிறார்கள் என்பதிலேயே முனைவர் பட்டம் வாங்கலாம்.

விருப்பமுள்ளவர்கள் வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். இயற்பியல் ஆசிரியை விண்ணப்ப முறையை விளக்குவார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் ஆதார் நகலையும் எடுத்துவாருங்கள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், படிக்கப்போவது அவர்கள்தானே.

அன்புடன்,
தலைமையாசிரியர்