பழைய ஸ்கோருக்குப் பழைய விதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தொடக்க காலம் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையில் மூன்று திருத்தங்கள் தேவை. 1899இல் டென்னசியின் செவானி கல்லூரி அணி டெக்சஸை 12-0 என்று வென்றதை, ‘இரண்டு டச்டவுன், கூடுதல் புள்ளிக்கான இரண்டு உதையும் வீண்’ என்று விளக்கியிருந்தீர்கள். அது இன்றைய கணக்கு. டச்டவுனுக்கு, அதாவது எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவதற்கு, 6 புள்ளி என்பது 1912இல்தான் வந்தது. 1899இல் டச்டவுனுக்கு 5, அதைத் தொடரும் உதைக்கு 1. இரண்டு டச்டவுனை மட்டும் வைத்து 12 வர வேண்டுமானால் உதை இரண்டும் பலித்திருக்க வேண்டும்.

அந்த உதையும் இன்றுபோல் கோல் கம்பத்துக்கு நேர் எதிரே சுலபமாகக் கிடைத்ததல்ல. டச்டவுனின்போது எந்த இடத்தில் பந்து தரையில் வைக்கப்பட்டதோ, அதற்கு நேர் பின்னால் கொண்டுவந்துதான் உதைக்க வேண்டும். மைதானத்தின் மூலையில் டச்டவுன் போட்டால் கோணம் மிகக் குறுகிவிடும். அதைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது: கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தூக்கி உதைப்பார், நடுவே நிற்கும் சக ஆட்டக்காரர் அதைப் பிடித்தால், பிடித்த இடத்திலிருந்து உதைக்கலாம். கை நழுவினால் வாய்ப்பே போச்சு. அதனால் அந்தக் காலத்தில் தவறிய உதைகளைப் பார்த்து, உதைத்தவர் மோசம் என்று முடிவு கட்டக் கூடாது. அதே சீசனில் ஆபர்னை செவானி வென்றது 11-10 என்ற கணக்கில். அந்த ஒற்றைப் புள்ளியின் மதிப்பு இப்போது விளங்கும்.

அடுத்தது, செவானி ‘ஆறு நாளில் ஆறு ஆட்டம்’ ஆடியதாக எழுதியிருந்தது. ஐந்துதான். நவம்பர் 9 டெக்சஸ், 10 டெக்சஸ் ஏ அண்ட் எம், 11 டுலேன். 12 ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு. 13 லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், 14 மிசிசிப்பி. ஐந்திலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஏறத்தாழ 2,500 மைல் ரயில் பயணம் வேறு. ஒரு எண்ணிக்கை குறைந்தால் சாதனை சிறுத்துவிடாது. ஆட்டத்திலிருந்து வெளியேறியவர் மறுபடி இறங்க முடியாது என்பது அன்றைய விதி. தாக்குதலுக்கும் தடுப்புக்கும் அதே பதினொரு பேர்தான். முன்னோக்கிப் பந்தெறிவது 1906 வரை அனுமதிக்கப்படவில்லை. மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும், அதற்கு உடம்பால் முட்டித் தள்ளுவதே பிரதான வழி. அப்படி முட்டியவர்கள் மறுநாளும் களமிறங்கினார்கள் என்பதுதான் வியப்பு. அந்த ஆண்டு 12 ஆட்டங்களிலும் செவானி வென்றது, மொத்தக் கணக்கு 322-10. அந்தப் பத்தும் ஆபர்ன் எடுத்ததே.

யேல் அணி 1888 சீசன் முழுவதும் சேர்த்து எடுத்த 698-0ஐ இதோடு ஒப்பிட்டிருந்ததும் சரியல்ல. அப்போது டச்டவுனுக்கு 4, உதைக்கு 2. அதற்கு முன் 1883இல் டச்டவுனுக்கு 2தான், உதைக்கு 4. மூன்று முறையிலும் சேர்ந்து வருவது 6 என்றாலும், உதை தவறினால் இழப்பு 1883இல் 4, 1888இல் 2, 1899இல் 1. ஃபீல்டு கோலும் (டச்டவுன் இல்லாமலே கோல் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்புவது) அப்படித்தான்: 5 புள்ளியாக இருந்தது 1904இல் 4 ஆகி, 1909இல் 3 ஆனது. தொடரின் அடுத்த பகுதியில் அட்டவணை போடுவதாக இருந்தால், ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்திலேயே அந்த ஆண்டின் புள்ளி மதிப்பையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்