பூவை விட்டுவிட்டு இலையைப் பார், கதிர்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் பெங்களூர் அப்பார்ட்மென்ட் சுவரோரம் மெத்தை போட்ட மாதிரி படர்ந்திருக்கிறதே, அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லைப்பா. பறித்துக் கூட்டு வைத்துவிடாதே. போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

அதன் பெயர் சிங்கப்பூர் டெய்சி. பெயரில்தான் சிங்கப்பூர், பிறந்த இடம் மெக்சிகோ பக்கம். அழகுக்கென்று கொண்டுவந்து வைத்த நாடுகளிலெல்லாம் மற்ற செடிகளை அமுக்கிவிட்டுப் பரவுகிறது. உலகத்தின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் இதுவும் இருக்கிறது.

நானும் ஏமாந்தவள்தான். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் ஒரு நர்சரியில் கரிசலாங்கண்ணி என்று கேட்டேன், இதைத்தான் கொடுத்தார்கள். ஒரே மழைக்காலத்தில் தொட்டியை விட்டு இறங்கி மாடி முழுக்க ஓடிவிட்டது. நானும் எவ்வளவு செழிப்பு என்று பூரித்துப் போயிருந்தேன். பாட்டிதான் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “இது அது இல்லைடி” என்றார். அன்றைக்குப் பாட்டி சொல்லிக் கொடுத்ததைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

பூவை வைத்து முடிவு பண்ணாதே. இந்தக் குடும்பத்தில் எல்லாம் சூரியகாந்திச் சாயல்தான். ஒரு பூ என்று நாம் நினைப்பது பல குட்டிப் பூக்களின் கூட்டம்: நடுவில் இருப்பவை ஒரு வகை, ஓரத்தில் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை இன்னொரு வகை. இலையைப் பார். டெய்சியின் இலை பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று பிரிவாகப் பிரிந்திருக்கும். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இலை ஒடுங்கி நீண்டிருக்கும், பிரிவு இருக்காது, தடவினால் லேசாகச் சொரசொரக்கும். பூவும் டெய்சியைவிடச் சின்னது.

வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் குழப்பமே வராது. தண்டை ஒடித்துக் கொஞ்ச நேரம் காத்திரு. சாறு கறுத்துவிடும். நீ பிறந்தபோது பாட்டி அந்தச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் காயப்போட்டு, திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த தட்டில் படிந்த கரியை வழித்து மை கூட்டினார். அந்த மையில்தான் உன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தோம். அந்த வாசனை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அப்புறம், வெட்டுக்காயப் பூண்டையும் இதோடு சேர்த்துவிடாதே. ஒல்லியான நீளக் காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, மஞ்சள் நடு, ஓரத்தில் ஐந்தாறு வெளிர் இதழ். தாத்தா பூ என்று காசு கேட்டுத் தலையைச் சுண்டி விளையாடுவாயே, அதுதான்.

வள்ளலார் தினமும் பல் துலக்கப் பொற்றலைக் கையாந்தகரைப் பொடியைச் சொல்லியிருக்கிறார். அது இந்த மஞ்சள் கரிசலாங்கண்ணிதான். அவர் வளர்ந்தது நம் சென்னை ஏழுகிணற்றில் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. ஆனால் இப்போது ஊரில் இது தானாக முளைக்கிற இடம் பெரும்பாலும் சாக்கடையோரம். அங்கே பறித்ததை வாயில் வைக்கவே கூடாது. அதனால்தான் ஆதம்பாக்கம் மாடியில் மஞ்சள், வெள்ளை இரண்டையும் தொட்டியிலேயே வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் ஈரம் வேண்டும், வயல் வரப்புச் செடிகள் அல்லவா. வெள்ளையை விதை போட்டு வளர்ப்பதானால் மேலே மண் மூடாதே. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும்.

சனிக்கிழமை சித்தப்பா உன் ஊருக்கு வருகிறார். மஞ்சளில் நான்கு தண்டு ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நட்டு, வேர் பிடிக்கும்வரை நிழலில் வை. புதுத் துளிர் வந்ததும் இலையைக் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா