மிளகாய்க்கு விடுதலை, மரச்சீனிக்கு ஜாமீன்

தக்கலை,
ஞாயிற்றுக்கிழமை

மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு முட்டி வலியைக் காரணம் சொல்ல மாட்டேன், வெறும் சோம்பல்தான். இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று என்று எழுதியிருந்தாய். நல்லது, இனி என் கையெழுத்து புரியவில்லை என்று நீ சாக்குச் சொல்ல முடியாது. இங்கே மழை விட்டபாடில்லை. வேளிமலை கண்ணில் பட்டு நாலு நாளாகிறது.

போன வாரம் இரணியல் பக்கம் போயிருந்தேன். ஒரு பழைய டாக்டரின் வீட்டை இடிக்கிறார்கள். "தாத்தாவோட புத்தகமெல்லாம் பேப்பர்காரனுக்குப் போடப்போறோம், வேணும்னா வந்து பாருங்க" என்று அவர் பேரன் போன் செய்திருந்தான். பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. மிஞ்சியதில் 1950களில் அச்சான ஒரு தடித்த சர்ஜரி புத்தகம், ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய கண்ணாடி சிரிஞ்சுகள், ஊசி தீட்டுகிற சின்னச் சாணைக்கல், இவ்வளவையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரி முறைத்தாள். அது வழக்கம்தானே.

அந்தப் புத்தகத்தில் டியோடினல் அல்சர், அதாவது சிறுகுடலின் தொடக்கத்தில் வருகிற புண், அதன் அதிகாரத்தைக் கரையான் தொடவில்லை. ஆனால் பெரியவர் அதைத் தின்றிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு, ஓரத்தில் பொடி எழுத்து. ஆச்சரியமில்லை. அந்தக் காலத்தில் நம்ம பக்கத்து சர்ஜனுக்கு அதுதானே தினப்படி வேலை? நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சாமர்வெல் என்ற வெள்ளைக்கார சர்ஜன் ஆயிரக்கணக்கில் செய்த அல்சர் ஆபரேஷன் அது. நீ ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு சொல்வாயே, 1924இல் எவரெஸ்டில் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறிவிட்டு இறங்கும்போது தொண்டையின் உள்தோல் கழன்று மூச்சை அடைத்தது, நெஞ்சை அமுக்கி இருமித் துப்பிப் பிழைத்தார் என்று. அந்த மனிதர்தான். 1922 பயணம் முடிந்து சும்மா ஊர் சுற்ற வந்த இடத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த நோயாளிகளின் வரிசையைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார்.

ஒரு பக்கத்தின் ஓரத்தில் பெரியவர் இப்படிக் குறித்து வைத்திருக்கிறார்: சிறுநீர் 10 சொட்டு, 20 சதவீத பொட்டாசியம் குரோமேட் 1 சொட்டு, அப்புறம் 2.9 சதவீத சில்வர் நைட்ரேட், சொட்டுச் சொட்டாக. ஞாபகம் வருகிறதா? சிறுநீரில் எவ்வளவு உப்பு போகிறது என்று பார்க்கிற ஃபான்டஸ் டெஸ்ட்! ஒரே சொட்டுக்குழாயை ஒவ்வொரு தடவையும் அலசிவிட்டுப் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பும். டெஸ்ட் டியூபைக் குலுக்கக் குலுக்க மஞ்சள் நிறம் அப்படியே இருக்கும். ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று செங்கல் நிறமாகும். எத்தனையாவது சொட்டோ, லிட்டருக்கு அத்தனை கிராம் உப்பு. இரைப்பையின் கடைவாசலான பைலோரஸ் அடைத்துப்போய் வாந்தி எடுத்து எடுத்து உடம்பில் குளோரைடு வற்றியவனுக்கு முதல் சொட்டிலேயே சிவந்துவிடும். "3க்குக் கீழே என்றால் கத்தியைத் தொடாதே, சலைன் ஏற்று" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார். லேப் இல்லாத ஊரில் ஒரு உயிரை அறுக்கலாமா கூடாதா என்பதை நாலு கண்ணாடிச் சாமான்களை வைத்துத் தீர்மானித்திருக்கிறார்கள். கை தட்டத் தோன்றியது.

அதற்கடுத்த பக்கத்தில் என் அப்பா இருந்தார். பேர் இல்லை, நோய்க்குறிகள்தான். முந்தின நாள் தின்றது மறுநாள் சாயங்காலம் அப்படியே வாந்தியாக வருவது. வயிற்றுத் தோலுக்கு அடியில் இடமிருந்து வலமாக ஒரு அலை மெல்ல உருண்டு போவது. இடுப்பைப் பிடித்து ஆட்டினால் உள்ளே சளக் சளக்கென்று கேட்பது. அப்பா ராத்திரி புரண்டு படுத்தால் அரைக்குடம் தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்கும். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா வயிற்றுக்குள் கிணறு இருக்கிறது என்று தங்கச்சியிடம் சொல்லி அம்மாவிடம் அடி வாங்கினேன்.

1953இல் அவருக்கு ஜி.ஜே., அதாவது காஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி ஆபரேஷன், செய்தார்கள். நம்ம ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆபரேஷன் பிரமாதம், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தழும்பேறி அடைத்த வழியை விட்டுவிட்டு, சிறுகுடலை இழுத்து இரைப்பையோடு சேர்த்துத் தைத்துப் புது வாசல் திறந்துவிட்டார்கள். வாந்தி அன்றோடு நின்றது. சாப்பிட்டால் வியர்த்து நெஞ்சு படபடக்கும், அதனால் கஞ்சி குடித்ததும் அரை மணி நேரம் படுப்பார். அவ்வளவுதான்.

என் கோபம் டிஸ்சார்ஜ் அன்று சொல்லி அனுப்பியதன் மேல்தான். "மிளகாய் கூடாது, புளி கூடாது, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கூடாது. கண்டதைத் தின்று நீரே வரவழைத்துக்கொண்ட நோய் இது." அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் மயக்கின கிழங்கும் சாளைக் கறியுமாக உட்கார்ந்திருப்போம். அவருக்குத் தனிச் சட்டியில் மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வெளுத்த மீன் துண்டு. 28 வருஷம், மக்கா! 1981இல் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் அல்சருக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அப்பாவுக்கும் ஹெலிகோபாக்டர்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, யார் பயாப்ஸி எடுத்தார்கள்? ஆனால் மிளகாய் குற்றவாளி இல்லை என்பது நிச்சயம்.

மரச்சீனிக்கு மட்டும் முழு விடுதலை கொடுக்க மாட்டேன், ஜாமீன்தான். குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி செய்த மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார், எலிகளுக்கும் வயிற்றில் புண் வந்தது. கிருமி இந்தியா முழுக்க இருந்தாலும் அல்சர் கோதுமை தின்கிற வடக்கைவிட அரிசி தின்கிற தெற்கில்தான் அதிகம். ஆக, பழைய ஆட்கள் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டது முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. சந்தேகத்தைத் தீர்ப்பு மாதிரி நோயாளியின் தலையில் எழுதினார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

எழுதிக்கொண்டே வரும்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மெடிக்கல் காலேஜில் படித்துவிட்டு வந்து கிளினிக் போட்ட புதிதில் நானும் இதையேதான் ஒப்பித்தேன். கடற்கரை ஊர்க்காரர் ஒருவர், நல்ல கறுத்த ஆள், நான் அடுக்கிய பட்டியலை முழுக்கக் கேட்டுவிட்டு, "பின்ன நான் என்னத்தத் திங்க, டாக்டரே?" என்றார். பால் குடியும் என்றேன். அவர் வீட்டில் பசு ஏது, காசு ஏது? அப்புறம் அவர் என்னிடம் வரவே இல்லை. நீ கோவையில் எத்தனை பேருக்கு இப்படிப் பால் எழுதிக் கொடுத்தாய்? உண்மையைச் சொல்.

இப்போது பேரப்பிள்ளை வயசு டாக்டர்கள் 14 நாள் மாத்திரை எழுதிக் கொடுத்து ஆளை அனுப்பிவிடுகிறார்கள். ஜி.ஜே. கையால் செய்து பழகாத சர்ஜனே வந்துவிட்டான். அதற்காக நான் அழமாட்டேன்.

கிறிஸ்துமஸ் லீவில் மகளோடு வருவதாக எழுதியிருந்தாயே, கட்டாயம் வா. மயக்கின கிழங்கும் சாளைக் கறியும் உண்டு, மிளகாய் குறைக்கப்படாது. சிரிஞ்சுகளில் பாதி உனக்கு. 10 சி.சி. ஒன்றில் பிஸ்டன் இறுகிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து வெந்நீரில் போட்டிருக்கிறேன், போய்ப் பார்க்க வேண்டும்.

உன்
பழைய ரூம்மேட்