டயமண்டுக்கு இன்னும் பன்னிரண்டு

கோத்தகிரி,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள வசந்தி,

உன் மெசேஜுக்கு ஃபோனில் இரண்டு வரி தட்டிப் போட மனசு வரவில்லை. கூப்பிட்டால் நீ என்னைப் பேச விடமாட்டாய். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போய், இன்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்று வீட்டுக்கு வீடு புலம்பல். கவாத்துக்கு ஆள் கிடைக்காமல் தம்பி அலைகிறான். சரோஜா அக்காவுக்கு இரண்டாவது கண்ணும் ஆபரேஷன் முடிந்துவிட்டது, உன்னைக் கேட்டபடியே இருக்கிறாள். போன வாரம் ஒரு கல்யாணத்தில் கேஷியர் சுந்தரம் மறுபடியும் அந்தக் கிழிந்த நூறு ரூபாய்க் கதையை ஆரம்பித்தார். நீ இல்லையே என்று இருந்தது.

சரி, உன் கப்பல் பயண விஷயத்துக்கு வருகிறேன். "டயமண்டுக்கு இன்னும் பன்னிரண்டுதான் ஜெயா, டிசம்பருக்குள் முடித்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். லோன் பேப்பரில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் திருப்பி அனுப்புகிறவள் நீ. உனக்கு இந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தது? அந்த ஏஜென்ட் பையன்தானே? அவன் போட்டது தப்பு என்று சொல்லமாட்டேன். ராயல் கரீபியன் சொகுசுக் கப்பல் கம்பெனியில் ஒரு இரவுக்கு ஒரு பாயிண்ட். தனியாகப் போய் இரண்டு பேர் கட்டணத்தையும் நீயே கட்டினால் இரவுக்கு இரண்டு. உன்னிடம் 68 இருக்கிறது, 80 ஆனால் டயமண்ட் என்கிற சலுகைப் படி. ஆக, சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுப் பயணம் இரண்டு. கூட்டல் சரி. ஆனால் அந்த இரட்டைப் பாயிண்டை அவர்கள் சும்மா தரவில்லை வசந்தி. ஆள் இல்லாத ஒரு படுக்கைக்கு நீ பணம் கட்டுகிறாய், அதற்குத் தருகிற ரசீதுதான் அது.

நான் அந்தப் படியில் ஏறி உள்ளே இருந்து பார்த்தவள், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். டயமண்ட் ஆனதும் தினம் நாலு பானம் இலவசம், கார்டிலேயே ஏற்றிவிடுவார்கள். காக்டெய்ல், ஒயின், பீர் எல்லாம் அதில் வரும். நீயும் நானும் அந்தப் பக்கமே போகிறதில்லை. காபிக்கும் ஜூஸுக்கும் அதைக் கொடுக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் இந்த மாதிரிச் சலுகைகளுக்கு மதிப்புப் போடும்போது கப்பல் விலைப் பலகையைப் பார்க்கவே கூடாது. இலவசம் இல்லை என்றால் நீ பர்ஸைத் திறந்து அதை வாங்கியிருப்பாயா, அதுதான் கேள்வி. நாலு காக்டெய்லுக்கு அங்கே ஐம்பது டாலருக்கு மேல் ஆகும், தினமும் ஐம்பது டாலர் மிச்சம் என்று அந்தப் பையன் சொல்லியிருப்பான். உனக்கு மிச்சமாகப் போவது ஒரு காபிக் காசு. அந்தக் காபியும் உனக்குப் பிடிக்காது.

மற்றதெல்லாம் சில்லறை. ஒரு நாள் இன்டர்நெட், பால்கனி அறைக்குக் கொஞ்சம் தள்ளுபடி, சில இடங்களில் தனி வரிசை. அறைப் பையன்களுக்கும் சாப்பாட்டுக்கூடத்துக்கும் என்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு டாலருக்கு மேல் டிப்ஸ் பிடிக்கிறார்களே, அதில் டயமண்டுக்கு ஒரு சென்ட் கூடக் குறைவதில்லை. குறையவும் வேண்டாம், அந்தப் பிள்ளைகள் உழைக்கிறார்கள்.

இந்த மாதிரிச் சலுகைகளால் உண்மையிலேயே லாபம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் சந்தித்திருக்கிறேன். ஃப்ளோரிடாவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு, காரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் கப்பல். மாதம் ஒரு தடவை போய் வருகிறார்கள். அவர்களுக்குப் பயணச் செலவே கப்பல் டிக்கெட் மட்டும்தான். நமக்கு அப்படியா? நான் விடியற்காலையில் எழுந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூரில் விமானம் பிடித்து, மகள் வீட்டில் படுத்து எழுந்து, அப்புறம்தான் மரீனா பே போய் வரிசையில் நிற்கிறேன். நீ கொடைக்கானலிலிருந்து மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ இறங்கவே பாதி நாள் போய்விடும். அக்டோபரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று பிரித்துப் போட்டிருக்கிறாயே, இரண்டு தடவை விமானக் கட்டணம் கட்டுகிறாய் என்பதை அவன் கணக்கில் சேர்த்தானா? போய்த்தான் தீருவேன் என்றால் இரண்டையும் அடுத்தடுத்து ஒரே கப்பலில் போடச் சொல். நடுவில் சிங்கப்பூரில் இறங்கி ஏற வேண்டியிருக்கும், விசா மட்டும் மல்ட்டிபிள் என்ட்ரியாக இருக்கட்டும்.

நீண்ட பயணம் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சலுகை துரத்திப் போகத் தகுந்தது: இலவசத் துணி சலவை. சிரிக்காதே. பிரின்சஸ் கம்பெனியில் எலைட் என்று ஒரு படி இருக்கிறது, அதற்கு நிறையப் பயணம் முடித்திருக்க வேண்டும். ஹாலண்ட் அமெரிக்காவில் 200 நாள் ஆனதும் நாலு நட்சத்திரம். இரண்டிலும் பையில் போட்டு வெளியே வைத்தால் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். இந்தத் தடவை நான் போனபோது குளியலறையில் முகம் கழுவுகிற தொட்டியில் ஜாக்கெட்டை அலசினேன். ஷவருக்கு மேலே சுவரில் குமிழ் மாதிரி ஒன்று இருக்குமே, அதை இழுத்தால் மெல்லிய கயிறு வரும், எதிர்ச் சுவர்க் கொக்கியில் மாட்டித் துணி போடலாம். மறுநாள் காலையிலும் அக்குள் பக்கம் ஈரம் காயவில்லை. அந்த நேரத்தில் சலவைக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுத்திருப்பேன். மூன்று இரவுக்கு இது தேவையே இல்லை, மூன்று வாரத்துக்கு இது சொர்க்கம். எந்தச் சலுகையையும் அது யாருக்கு, எத்தனை நாள் பயணத்துக்கு என்று பார்க்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் உன்னிடம் ஒரு பக்கம் மட்டும் பேசினவள் ஆகிவிடுவேன். சாயங்காலம் டயமண்ட் லவுஞ்சில் உட்கார்ந்தால் ஆட்கள் பழக்கமாகிவிடுகிறார்கள். இந்தத் தடவை பினாங்குத் தமிழ்க் குடும்பம் ஒன்று, அந்த அம்மா எனக்கு எழுபத்தைந்து வயதுத் தோழி. நான் வருவதற்குள் ஜன்னலோர நாற்காலியில் தன் கைப்பையை வைத்து இடம் பிடித்து வைத்திருப்பார். "வாங்க டீச்சர்" என்பார். பேங்க் என்று எத்தனை தடவை சொன்னாலும் நான் அவருக்கு டீச்சர்தான். தனியாகப் போகிற பொம்பளைக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் அதற்கும் டயமண்ட் தேவையில்லை. தினமும் அறைக்கு வருகிற நிகழ்ச்சிநிரலைப் பார், பல கப்பல்களில் தனியாக வந்தவர்கள் கூடுகிற நேரம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். முதல் பயணம் வந்தவளும் போகலாம்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "காபிக்காகவா போகிறேன், அவர் ஆசைப்பட்டார்" என்பாய்.

வசந்தி, உன் வீட்டுக்காரர் மோகன் அண்ணா இருந்தவரை அந்த லவுஞ்சு வாசலைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து "அடுத்த வருஷம்" என்பார் என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதை வைத்துத்தான் நீ கிளம்புகிறாய் என்று உன் மெசேஜைப் படித்ததுமே புரிந்தது, அதனால்தான் உடனே பதில் எழுத முடியவில்லை. உன் பெயரில் இருக்கிற பாயிண்டுகளில் அவரோடு போன இரவுகள் அத்தனையும் இருக்கின்றன. அவை எங்கேயும் போகாது. ராயல் கரீபியனில் பாயிண்ட் காலாவதி ஆவதில்லை. எம்எஸ்சி மாதிரிச் சில கம்பெனிகளில்தான் மூன்று வருஷம் போகாவிட்டால் படி கைவிட்டுப் போகும். ஆகவே டிசம்பர் என்கிற கெடு உனக்குக் கிடையவே கிடையாது. அந்தக் கெடு ஏஜென்ட்டுடையது.

காலாவதி இல்லை என்பதால் இது காலத்துக்கும் நிற்கும் என்றும் நம்பிவிடாதே. கார்னிவல் கம்பெனி 2025-ல் என்ன அறிவித்தது தெரியுமா? 2026 ஜூனிலிருந்து எத்தனை இரவு போனாய் என்று பார்க்கமாட்டார்கள், எவ்வளவு செலவழித்தாய் என்றுதான் பார்ப்பார்களாம். வருஷக்கணக்கில் இரவுகளை எண்ணி வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள், அதற்கப்புறம் மேல்படியில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். அதையும் விடு. நாம் முதன்முதலில் ஏறின ஸ்டார் குரூசஸ் ஞாபகம் இருக்கிறதா? அதன் தாய்க் கம்பெனி கெண்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் மூடுவிழா மனு போட்டது. பாயிண்ட் என்பது கம்பெனி கொடுக்கிற வாக்கு, அவ்வளவுதான். நம் பேங்க் டெபாசிட் மாதிரி அதற்கு இன்ஷூரன்ஸ் கிடையாது.

அப்புறம் எண்பது ஆனதும் உன்னை விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறாயா? டயமண்ட் பிளஸ் 175. பினாக்கிள் 700. படிக்கட்டு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது, ஒரே கம்பெனி என்று நின்றுவிட்டால் நமக்குக் கிடைப்பது அதே போர்ட் கிளாங், அதே பினாங்கு, அதே புக்கெட். நீ கடைசித் தடவை புக்கெட்டில் கரை இறங்கவே இல்லை என்று சொன்னாய். பார்க்க வேண்டிய இடம் ஒன்று பாக்கி இருக்கும்போது, பார்த்த இடத்துக்குப் பாயிண்டுக்காகப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

பாக்கி இருக்கிற இடம் எது என்று உனக்குத் தெரியும். அட்டன், இலங்கை மலையில் நீ விட்டுவந்த ஊர்.

எட்டு வயசில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலில் ஏறி ராமேஸ்வரம் வந்தவள் நீ. மண்டபம் கேம்ப், அங்கிருந்து இந்த மலை, டான்டீ அரசுத் தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேங்க் பின்பக்கப் படியில் உட்கார்ந்து, உங்கள் தோட்டத்தில் லயத்து வரிசை வீடுகளுக்கு எதிரே இருந்த மாரியம்மன் கோயிலையும் பீலியில் கொட்டுகிற ஊற்றுத் தண்ணீரையும் எத்தனை தடவை சொல்லியிருப்பாய். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிவைத்த சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் யாரோ போட்ட கையெழுத்து உன்னை அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அம்மா அந்த ஊரை மறுபடி பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீயும் இத்தனை கடல் சுற்றிவிட்டு, அந்த ஒரு கடலை மட்டும் தாண்டாமல் இருக்கிறாய். ஏன் என்று இதுவரை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

கப்பலில்தான் போவேன் என்றால் வழி இருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், ஏறக்குறைய நாலு மணி நேரம். நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. மழை மாதங்களில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் தைக்கு அப்புறம் பார்ப்பதுதான் சரி. லவுஞ்சு கிடையாது, பாயிண்ட் கிடையாது. நல்லூர்க் கந்தனைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தெற்கே இறங்கி மலை ஏறலாம். சொகுசுக் கப்பல்தான் வேண்டும் என்றால் கோர்டிலியா கம்பெனிக் கப்பல் 2023-ல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போனது. மறுபடி எப்போது விடுகிறார்கள் என்று விசாரிக்கிறேன். அவர்களுடைய எம்பிரஸ் கப்பல் முன்னால் ராயல் கரீபியனில் ஓடினதுதான், எம்பிரஸ் ஆஃப் தி சீஸ் என்ற பெயரில். 1990-ல் வந்த கப்பல். இப்போது அதில் எத்தனை இரவு படுத்தாலும் உன் கணக்கில் ஒரு பாயிண்ட் ஏறாது. ஏறாவிட்டால் என்ன?

நானும் வருகிறேன். இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. மகளிடம் பேசிவிட்டேன், மாசியில் சிங்கப்பூர் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு அறையில் இரண்டு பேர் என்றால் நீ காலிப் படுக்கைக்குக் கட்ட வேண்டாம். அட்டன் போய்விட்டு வந்தபிறகும் டயமண்ட் வேண்டும் என்று தோன்றினால், அந்தப் பன்னிரண்டுக்கும் நான் கூட வருகிறேன். மோகன் அண்ணாவுக்காக அந்த லவுஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் அந்த மோசமான காபியைக் குடிக்கலாம். அது எந்த வருஷமாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது: ஏஜென்ட்டிடம் இரண்டு விஷயம் கேள். நீ கட்டின அட்வான்ஸ் திரும்ப வருகிற வகையா, வராத வகையா? முழுப் பணம் கட்டுகிற கடைசித் தேதி எது? சின்னப் பயணம் என்றாலும் புறப்படுவதற்கு இரண்டரை மாதம் முன்னாலேயே அந்தத் தேதி வந்துவிடும், அதைத் தாண்டினால் பிடித்தம் ஆரம்பம். அக்டோபர் பயணத்துக்குத் தேதி தாண்டியிருந்தால் போய் வா, வீணாக்காதே. டிசம்பரை நிறுத்து. பதிலை வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, மெயிலில் வாங்கு.

தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை இங்கே வந்துவிட்டுப் போ. காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க மறக்காதே, போன தடவை கல்லாறு செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு என்னைத் திட்டினாய். கவர்ன்மென்ட் பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. சரோஜா அக்காவுக்கு மலைப்பூண்டு கொஞ்சம் கொண்டுவா, உங்கள் ஊர்ப்பூண்டுதான் வேண்டுமாம்.

அன்புடன்,
ஜெயா

பி.கு.: உன் அம்மாவின் பழைய பாஸ்போர்ட், கேம்ப்பில் கொடுத்த குடும்ப அட்டை எல்லாம் பச்சை டிரங்குப் பெட்டியில் இருப்பதாகச் சொன்னாயே. எடுத்துப் பார். தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் அதில் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு.