126-ஐத் தாண்டாதே, கயல்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினாலும் திரையைப் பார்த்தாலும் தலை கனக்கிறது என்றாயாம். அதனால்தான் தாளில், கொஞ்சம் பெரிய எழுத்தில். ஒரே மூச்சில் படிக்காதே.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, இரண்டு நாள் ஜன்னலைச் சாத்திப் படுத்திருந்ததை அம்மா சொன்னாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை, வண்டியிலிருந்து விழுந்து ஏழு வாரமாகிவிட்டது என்பது உன் நியாயம். தலையில் அடிபட்டு மூளை குலுங்கும் இந்த மூளை அதிர்ச்சி பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. கால் முறிந்தால் மாவுக்கட்டைப் பார்த்து ஊரே வழிவிடும். இதற்கு ஓர் அடையாளமும் கிடையாது. போன மாதம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தோமே, மூன்றாவது கரையில் பஸ் ஹாரன் அடித்ததும் பேச்சை நிறுத்தாமலே கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாய். நான் பார்க்காததுபோல் சுண்டல் வாங்கப் போனேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று. நான் விளையாட்டு ஆசிரியராக இருந்தபோது, கபடியில் தலை மோதி விழுந்த பையனுக்குத் தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்து, "இது எத்தனை விரல்?" என்று கேட்டு, ஐந்தே நிமிடத்தில் களத்தில் இறக்கினேன். ஜெயித்தோம். மறுவாரம் அவன் அம்மா வந்து, "புத்தகத்தைத் திறந்தால் வாந்தி வருகிறது என்கிறான் சார்" என்றார். "நடிக்கிறான்" என்று சொல்லி அனுப்பினேன்.

2019-இல் லார்ட்ஸில் நடந்த கிரிக்கெட் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து கழுத்தில் பட்டு ஆஸ்திரேலியாவின் ஸ்மித் விழுந்ததை நாம் சேர்ந்துதானே பார்த்தோம்? அன்றே திரும்பி வந்து ஆடினார். மறுநாள் தலைவலி, அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் இல்லை. எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது.

அதற்காக உன் அம்மா சொல்வதுபோல் இருட்டறையில் கிடக்கவும் வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும், பிறகு மெல்ல அசைவதே மருந்து என்றுதான் இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். உனக்கு டிரெட்மில்லில் வைத்து எடுத்த பரிசோதனைக்கு 'பஃபலோ' என்று பெயர் என்றதும், எருமைக்கும் தலையடிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தேன்; அமெரிக்காவில் ஓர் ஊராம். நாடித்துடிப்பு 140-ஐத் தொட்டபோது உனக்குத் தலைவலி கூடியது. அதில் எண்பதிலிருந்து தொண்ணூறு சதவீதம், அதாவது 112 முதல் 126 வரை. தினமும் இருபது நிமிடம் அதற்குள் இரு. ஓட்டம் வேண்டாம், ஒவ்வோர் அடிக்கும் தலை குலுங்கும். ஜிம்மில் நிற்கும் சைக்கிளை மிதி.

தொடங்கும் முன் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடு. இரண்டுக்கு மேல் கூடினால் உடனே இறங்கிவிடு. ஒன்றிரண்டு கூடி ஒரு மணி நேரத்தில் தணிந்தால் பயமில்லை. தணியாவிட்டால் மறுநாள் வேகத்தைக் குறை. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ எண்ணிக்கொண்டிருக்காதே, மருத்துவமனைக்குப் போ.

"வலித்தாலும் ஓடு" என்று மைதானத்தில் உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை வைகை எக்ஸ்பிரஸில் வருகிறேன். நீ மிதி, நான் பக்கத்தில் நின்று நாடி எண்ணுகிறேன். உன் கைக்கடிகாரத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.

அன்புடன்,
அப்பா