15ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த ஆன்மீகக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். கிருபையின், அதாவது தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவின், காலத்தில் வாழும் கிறிஸ்தவனுக்குப் பத்துக் கட்டளைகள் முடிந்துபோன சங்கதி என்கிறார் கட்டுரையாளர். ஆதாரமாக ரோமர் 6:14ஐக் காட்டுகிறார்: நாம் நியாயப்பிரமாணத்துக்கு (மோசே வழியாக வந்த சட்டத்துக்கு)க் கீழ்ப்பட்டவர்கள் அல்ல, கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள். சரி. ஆனால் அது பாதி வசனம். பாவம் இனி உங்களை மேற்கொள்ளாது என்ற மற்றப் பாதியைச் சொல்லத்தான் அந்த நிருபத்தை எழுதிய பவுல் இதையே சொல்கிறார். 15ஆம் வசனத்தில், அப்படியென்றால் பாவஞ்செய்யலாமா என்று தானே கேட்டு, "கூடாதே" என்று ஒரே சொல்லில் மறுத்தும் விடுகிறார்.

எனக்கு இது வெறும் வசன விவாதம் அல்ல. நான் சிறுமியாக இருந்தபோது பக்கத்துக் காணிக்காரர் வேலி அடைக்கிற சாட்டில் எங்கள் பக்கம் ஒரு முழம் உள்ளே வந்து கிளுவைக் கதியால் போட்டுவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு முழத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக முகம் பார்க்காத குடும்பங்கள் உண்டு. வழக்குப் போடு என்று இனசனம் எல்லாம் நின்றது. என் தகப்பன், ஐயா, போடவில்லை. அந்தக் காணிக்காரர் வருத்தமாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போனது. பிறகு அவர் மனந்திரும்பினார், செபக் கூட்டத்தில் அழுது சாட்சி சொன்னார். வேலி மட்டும் அசையவில்லை.

ஒருநாள் விடியற்காலை அலவாங்கோடு வந்து படலையில் நின்றார். "அண்ணை, காணி உறுதியை ஒருக்கா எடுங்கோ, வேலியை அளந்து பாப்பம்" என்றார். "அதை நான் எப்பவோ விட்டிட்டன் தம்பி" என்றார் ஐயா. "நீங்கள் விட்டிட்டியள். அதாலைதான் அண்ணை எனக்கு நித்திரை வருகுதில்லை." வேர்விட்டுத் தடித்துப்போன கிளுவைகளைக் கிளப்பி முடிய மத்தியானமாகிவிட்டது.

ஐயா மன்னித்தார் என்பதற்காக அந்த ஒரு முழம் காணிக்காரருடையது ஆகிவிடவில்லை. அயலவனின் எல்லைக்குறியை நகர்த்தாதே என்ற உபாகமம் 19:14 அன்றும் அப்படியேதான் இருந்தது. ஆனால் வேலியைப் பிடுங்க வைத்தது அந்தக் கட்டளைக்குப் பயந்த பயமல்ல.

லூக்கா 19இல் வரும் வரிவசூலிப்பவன் சகேயுவின் கதையும் இதுதான். இயேசுவைக் காண மரத்தில் ஏறி இருந்தவனைப் பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு முதலில் சொல்லிவிட்டார். திருப்பிக் கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லவில்லை. பாதிச் சொத்து ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு என்று அவன் எழுந்து நின்று சொன்னது அதற்குப் பிறகுதான். தானாக அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பதுதான் எண்ணாகமம் 5இல் உள்ள சட்டம். ஆட்டைத் திருடி அறுத்தவனோ விற்றவனோதான் நாலு ஆடு கொடுக்கவேண்டும். கிருபை பெற்றவன் சட்டத்தின் கடுமையான கணக்கைத் தானே தன் தலையில் போட்டுக்கொண்டான்!

பத்துக் கட்டளைகளும் இந்த ஒழுங்கில்தான் வந்தன. யாத்திராகமம் 14இல் கடலைக் கடந்து விடுதலை பெறுகிறார்கள், கட்டளை வருவதோ 20இல். அங்கேயும் முதல் வரி, உன்னை அடிமை வீட்டிலிருந்து கொண்டுவந்தவர் நானே என்பது. 1563இல் வந்த ஹைடல்பேர்க் ஞானோபதேசம் என்ற புரட்டஸ்தாந்து கேள்வி-பதில் போதனை நூலும் பத்துக் கட்டளைகளின் விளக்கத்தை நன்றியறிதல் என்ற கடைசிப் பகுதியில்தான் வைத்திருக்கிறது. ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

கட்டுரையாளரின் ஆதங்கம் எனக்குப் புரியாமல் இல்லை. கட்டளையைத் தடியாக எடுத்து மற்றவர்களை அடிக்கிறவர்கள் எங்கள் சபைகளில் இருக்கிறார்கள். கட்டளையைக் கைக்கொண்டுதான் நீதிமானாகலாம், அதாவது தேவனுக்கு முன் குற்றமற்றவனாக ஏற்கப்படலாம் என்றால் ஒருவரும் தேறமாட்டோம், அதில் அவரோடு நான் நிற்கிறேன். கலாத்தியர் 3:24இல் நியாயப்பிரமாணத்தை "உபாத்தியாய்" என்று நம் வேதாகமம் சொல்கிறது. மூலமான கிரேக்கச் சொல் படிப்பிக்கிற வாத்தியாரைக் குறிப்பதல்ல, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்வந்து கண்டித்து வளர்க்கிற வேலைக்காரனைக் குறிப்பது. அவனுடைய காவல் முடிந்துவிட்டது என்பது உண்மை. அதற்காக வளர்ந்த பிள்ளை களவெடுக்கலாமா?

இந்த நீதிமானாகுதலை வைத்து ஐரோப்பாவில் சபைகள் பிரிந்ததை நாம் அறிவோம். 1999ஆம் ஆண்டு ஒக்டோபர் 31இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலக சம்மேளனமும் இதுபற்றிய கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன, 2006இல் மெதடிஸ்தரும் சேர்ந்துகொண்டார்கள். கிருபையால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அதே கிருபை நம்மை நற்கிரியைக்கு அழைக்கிறது என்று அதில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். கத்தோலிக்க உறவுகள் அருள் என்பார்கள், நாங்கள் கிருபை என்போம், அவ்வளவுதான்.

கட்டுரையின் தொடர்ச்சி அடுத்த வாரம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ரோமர் 6:15ஐயும் எடுத்துப் பேசும்படி கட்டுரையாளரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உடுவில்.